கொல்லிமலையின் 70 வளைவில் ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் திரும்புமா? 100 வருட காரின் டிசைன் கதை

காரவள்ளியிலிருந்து வாழவந்தி நாட்டுக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்குக்கு ஜாலி. சுமார் 5.76 மீட்டர் நீள ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டத்துக்கு?

எப்படித் திரும்பும்?
2017-ல் வந்த எட்டாம் தலைமுறையில் நான்கு சக்கரமும் திரும்பும். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் எதிர்த்திசையில் லேசாகத் திரும்புவதால் குறைந்த இடமே போதும். முன்னாலுள்ள ரோட்டை கேமரா பார்த்து, சஸ்பென்ஷனை முன்கூட்டியே தயார் செய்கிறது.

எங்கே தொடங்கியது?
சில்வர் கோஸ்ட்டுக்கு அடுத்து 1925-ல் முதல் ஃபேன்டம் வந்தது. கம்பெனி தந்தது சேசிஸும் இன்ஜினும்தான். பாடியைத் தனிப் பட்டறைகள் கட்டின. ராஜஸ்தானின் கோட்டா மகாராஜா, புலி வேட்டைக்கென்றே சர்ச்லைட் வைத்து ஒன்றைச் செய்யச் சொன்னார். பிஎம்டபிள்யூ கைக்கு வந்தபின், 2003 முதல் இங்கிலாந்தின் குட்வுட்டில் தயாராகிறது.

அடையாளங்கள் என்ன?
கிரேக்கக் கோயில் தூண்கள் மாதிரி முன் கிரில். அதன்மேல் 1911-ல் சார்ல்ஸ் சைக்ஸ் வடித்த பெண் சிலை. எதிர்ப்பக்கம் திறக்கும் பின் கதவுகள். சக்கரம் சுற்றினாலும் நிமிர்ந்தே நிற்கும் 'ஆர்ஆர்' முத்திரை.

விலை எதற்கு?
அமைதிக்கு. சத்தத்தை அடக்கும் பொருட்கள் மட்டுமே 130 கிலோவுக்கு மேல். மொத்த எடை 2.5 டன்னைத் தாண்டும். மலை இறக்கத்தில் அத்தனை பாரமும் பிரேக் மேல்தான் விழும். லோ கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

ஆக, திரும்பும். ஆனா எதிரே பஸ் ஏறி வந்தா, கோடீஸ்வரரும் ஒதுங்கித்தான் ஆகணும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை.