படிகாரத்துக்கு மூன்றா, நான்கா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? குடத்துக்குள் படிகாரக் கட்டியை விட்டு இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். மண் அடியில் தங்கிவிடும். தேனியில் சவரக் கடைக்குப் போனாலும் அதே கட்டி இருக்கும்.

அந்தப் படிகாரத்தின் வகையைச் சேர்ந்த படிகங்கள், பெரிய விஞ்ஞானி ஒருவரின் கணக்கையே தப்பாக்கிவிட்டன. சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு அதைத் திருத்தியவர் ஓர் இந்தியர்!

உப்பும் படிகாரமும் படிகங்கள். அதாவது, உள்ளே அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கப்பட்டவை. ஆனால் இரண்டின் அடுக்கும் ஒன்றல்ல.

தாயக்கட்டமும் பல்லாங்குழியும்

தாயக்கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கால் சுற்றுத் திருப்பினாலும் அது பழையபடியே இருக்கும். நாலு பக்கமும் நாலு பேர் உட்கார்ந்து ஆடலாம். பல்லாங்குழிப் பலகையைக் கால் சுற்றுத் திருப்பினால் குறுக்கே நிற்கும். அரைச் சுற்றுத் திருப்பினால்தான் பழையபடி வரும்.

உப்பு தாயக்கட்டம் மாதிரி. படிகாரம் பல்லாங்குழி மாதிரி. வேடிக்கை என்னவென்றால், நூலில் தொங்கவிட்டு வளர்த்த படிகாரம் எட்டு முகங்களோடு அழகாக இருக்கும். வெளியே பார்த்தால் அதுவும் தாயக்கட்டம் என்றே தோன்றும்! உள்ளே அணுக்கள்தான் வேறு கதை சொல்கின்றன.

இப்படிப் பொருள்களைத் திருப்பிப் பார்த்துப் போடும் கணக்குக்குக் 'குலக் கணிதம்' என்று பெயர். படிகத்தைத் தொடாமலே அதன் குணங்களைப் பற்றி இந்தக் கணக்கு பல செய்திகளைச் சொல்லிவிடும்.

ஒரு படிகத்தை அமுக்கினால், அதற்குள் ஒளி செல்லும் வேகம் சிறிது மாறும். அந்த மாற்றத்தைச் சொல்ல எத்தனை எண்களை அளக்க வேண்டும்? எந்தத் திருப்பத்துக்கும் இணங்காத படிகத்துக்கு 36 எண்கள் வேண்டும். உப்புக்கு 3 போதும். உப்பை மேலிருந்து அமுக்கினால், கிழக்கே நடப்பதுதான் வடக்கேயும் நடக்கும். ஒன்றை அளந்தால் மற்றதை அளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் போக்கல்ஸ் என்ற விஞ்ஞானி, 19-ம் நூற்றாண்டின் கடைசியில், உப்பு, படிகாரம் இரண்டும் சேர்ந்த கனசதுரக் குடும்பம் முழுவதற்கும் 3 என்றே எழுதிவிட்டார். அவர் சாமானியர் அல்ல. படிகத்தில் மின்சாரம் ஒளியை மாற்றும் ஒரு விளைவு இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

வால்ட்டேரில் போட்ட கணக்கு

வால்ட்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் எஸ். பகவந்தம். கல்கத்தாவில் சர் சி. வி. ராமனோடு ஆராய்ச்சி செய்தவர். 1942-ல் அவர் குலக் கணிதத்தைக் கொண்டு கணக்கை மறுபடி போட்டார். உப்புக்கு 3 சரி. படிகார வகைக்கு 4 வந்தது!

காரணம் பல்லாங்குழிதான். மேலிருந்து அமுக்கினால் கிழக்கே ஒரு விதம், வடக்கே வேறு விதம். இரண்டையும் தனித்தனியே அளக்காவிட்டால் ஓர் எண் விட்டுப் போகும்.

காகிதத்தில் வந்த விடை மெய்தானா? சிவகாசியில் ஒரு காலத்தில் பச்சை மத்தாப்புக்குச் சேர்த்த பேரியம் நைட்ரேட்டும் இதே மாதிரிப் படிகம்தான். பகவந்தமும் அவரோடு வேலை செய்த சூரியநாராயணாவும் அதை அமுக்கி, இரு பக்கமும் ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். இரு பக்கமும் ஒன்றாக இல்லை.