பச்சைப் புள்ளி சொன்ன பொய்

செம்பட்டி பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு நீர்மட்ட சென்சார், மோட்டார் ரூமில் ஒரு ராஸ்பெர்ரி பை. சென்னையிலிருந்தே பிரவுசரில் பார்த்துக்கொள்ளலாம். போன கோடையில் ஒருநாள் டாஷ்போர்டில் 18 அடி தண்ணீர், பக்கத்தில் ‘இணைப்பில் உள்ளது’ என்று பச்சைப் புள்ளி. அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து மாமா போன் பண்ணினார்: “தம்பி, மோட்டார் ஓடுது, குழாய்ல தண்ணியே வரலப்பா.”

அங்கே டாங்கிள் ஹேங் ஆகி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அப்புறம் ஏன் பச்சை?

டாஷ்போர்டு பேசுவது வெப்சாக்கெட்டில். 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 6455 என்று தரமாக வந்தது. ஒருமுறை இணைத்துவிட்டால் திறந்தே கிடக்கும். புது அளவு வந்ததும் சர்வரே தள்ளிவிடும். வசதிதான். ஆனால் அடியில் இருக்கும் டி.சி.பி. இணைப்பு ஒன்றும் கம்பி இல்லை. இரண்டு முனைகளும் தனித்தனியாக வைத்திருக்கும் ஒரு ஞாபகம், அவ்வளவுதான். ஒரு முனை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், அனுப்ப எதுவும் இல்லாத மறுமுனை காத்துக்கொண்டே இருக்கும். பழைய டிரங்க் காலில் அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் “ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்போமே, அதை யாரும் இங்கே கேட்கவில்லை.

லினக்ஸ் கர்னலுக்கு அப்படிக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆனால் புரோகிராம் கேட்டுக்கொண்டால்தான். அதுவும் 7200 விநாடி சும்மா இருந்த பிறகு, 75 விநாடிக்கு ஒன்றாக 9 தடவை. மொத்தம் 2 மணி 11 நிமிடம். அதற்குள் மோட்டார் காயில் போய்விடும்.

இதில் என் தப்பும் உண்டு. நடுவில் என்ஜின்எக்ஸ் இருக்கிறது. 60 விநாடி எதுவும் வராவிட்டால் அது இணைப்பை அறுத்துவிடும். அடிக்கடி அறுகிறதே என்று அதை ஒரு நாளாக மாற்றி வைத்தவன் நான்தான். உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆளின் வாயையும் அடைத்துவிட்டேன்.

வெப்சாக்கெட்டுக்குள்ளேயே பிங், பாங் உண்டு. ஆனால் பிரவுசர் அதைத் தானாகவே முடித்துக்கொள்ளும். நம் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அதனால் இப்போது பை 15 விநாடிக்கு ஒருமுறை, மட்டம் மாறாவிட்டாலும், அளவை அனுப்புகிறது. 40 விநாடி எதுவும் வரவில்லையென்றால் பக்கம் தானே இணைப்பை மூடிவிட்டுத் திரும்ப இணைக்கப் பார்க்கும். என்ஜின்எக்ஸும் பழையபடி 60க்கு வந்துவிட்டது. பச்சைப் புள்ளியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ‘12 விநாடிக்கு முன்’ என்று அளவின் வயது ஓடுகிறது; பழையதானால் எண்ணே சாம்பல் நிறமாகிவிடும்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் டிரை-ரன் ரிலேயும் மாட்டியாயிற்று. அதற்கு நெட் தேவையில்லை.