சவுக்காரம் காய்ச்சுவோர் அறியவேண்டியவை

லப்பைக்குடிக்காடு போன்ற வெள்ளாற்றங்கரை ஊர்களில், ஓய்வுக் காலத்திற்கேற்ற கைத்தொழில் யாதென அங்கத்தினர்கள் வினவுவதுண்டு. சவுக்காரம் செய்தல் அவற்றுள் ஒன்று. முதல் சொற்பமே வேண்டும். ஆயினும், காரம் மிஞ்சிய சவுக்காரம் வாங்குவோர் கையைப் புண்ணாக்குமாயின், சங்கத்தின் பணமும் நற்பெயரும் ஒருங்கே அழியும். ஆதலின் பாத்திரத்தினுள் நிகழ்வதை அறிதல் அவசியமாகும்.

காரம் எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசரினாகவும் பிரிக்கிறது என்பதைப் பிரெஞ்சு இரசாயனி செவ்ரேல் 1823-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்தால் ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. அவை எண்ணெயில் அமிலமும் கிளிசரினும் பிணைந்துள்ள இடத்துக் கார்பனைத் தாக்கிச் சேர்கின்றன. உடனே அப்பிணைப்பு அறுந்து கிளிசரின் விலகும். அமிலம் சோடியத்துடன் கூடிச் சவுக்காரமாகும். சலவைத் தொழிலாளர் கையாண்ட உவர்மண்ணிலும் காரம் உண்டு. ஆனால் அது வலிமை குறைந்தது. ஆதலாலேயே துணியை வெள்ளாவியில் நெடுநேரம் வைக்க நேர்ந்தது.

இக்கிரியையின் வேகம் எண்ணெய், காரம் இரண்டின் அளவையும், சூட்டையும், அவை கலக்கும் நெருக்கத்தையும் பொறுத்தது. எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா. ஆதலால் தொடக்கத்தில் வேகம் குறைவு, இடைவிடாது கிளறவேண்டும். சிறிது சவுக்காரம் உண்டானதும் அதுவே இரண்டையும் கலக்கச் செய்வதால் வேகம் மிகும். முடிவில் இரண்டும் அருகிவிடுவதால் மீண்டும் தணியும். வார்த்த கட்டிகளைச் சில வாரம் உலரவிட்டு விற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

எனினும், அளவில் செய்த பிழையைக் காத்திருப்பு தீர்க்காது. எடையில் 100 பங்கு தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 18 பங்கு தூய காஸ்டிக் சோடா வேண்டும். கடலையெண்ணெய்க்கோ 13½ பங்கே போதும். தேங்காயெண்ணெய்க் கணக்கைக் கடலையெண்ணெய்க்குப் பயன்படுத்தினால் 4½ பங்கு காரம் தனித்து நின்று தோலை அரிக்கும். ஆகவே எண்ணெயை மாற்றுந்தோறும் கணக்கையும் மாற்றுக. கணக்கில் நூற்றுக்கு ஐந்து வீதம் காரத்தைக் குறைத்தே இடுக.

காரத்தை நீரில் சிறிது சிறிதாக இடவேண்டும்; காரத்தின்மேல் நீரை ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும். ஆகவே இரும்புப் பாத்திரமே தகும். குழந்தைகளை அருகில் விடலாகாது. தெறித்த இடத்தை உடனே ஏராளமான நீரால் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியரிடம் விரைக.

நல்ல தராசும் பொறுமையுமே இத்தொழிலின் உண்மையான முதல்.