தொண்டை வலிக்குப் போட்ட மாத்திரை ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் 1928-இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தன் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: தொண்டை வலிக்காரர் தானே மருந்து வாங்கி அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாது, எதிர்க்கப் பழகிவிடும்.

எப்படி?

வயலில் களை பறிப்பதை நினைத்துப் பாருங்கள். மேலோட்டமாக வேர்விட்டவை கையோடு வந்துவிடும். ஆழ வேரோடிய நாலைந்து நிற்கும். காலியான இடத்தில் அவைதான் விதை கொட்டும். அடுத்த பருவத்தில் வயல் முழுக்க அந்த ரகம்தான். கிருமிகளிலும் தற்செயலாக மாறிப்போன ஒன்றிரண்டு இப்படித்தான் மருந்துக்குத் தப்பிப் பெருகுகின்றன.

வியப்பு என்னவென்றால், தொண்டைப் புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா இன்றும் பெனிசிலினுக்கு அடங்குகிறது. எரித்ரோமைசின் என்ற வேறொரு மருந்தைத்தான் பல நாடுகளில் எதிர்க்கிறது.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் பயன்படாது. மருத்துவரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.