நாற்பத்து மூன்றாம் நாள்

சர்ச் எடுக்கிற படத்திலிருந்து பெரிய சினிமாக்காரர்கள் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது ‘ஃபயர்ப்ரூஃப்’ என்ற அமெரிக்கப் படத்தை. 2008இல் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகரில் உள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை எடுத்த படம். இயக்கிய அலெக்ஸ் கென்ட்ரிக் அப்போது அந்தச் சபையின் போதகர்களில் ஒருவராக இருந்தார். தம்பி ஸ்டீஃபனோடு சேர்ந்து கதை எழுதினார். செலவு சுமார் 5 லட்சம் டாலர். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சபையார். வசூலானது 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல்.

குறைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் படம் நின்று பிரசங்கம் செய்கிறது. துணைப் பாத்திரங்களில் வருகிறவர்கள் கேமராவுக்குக் கூச்சப்படுவது தெரிகிறது. இருந்தும் திருமணத்தைப் பற்றி எடுத்த பல நல்ல படங்களில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது.

கேலப் தீயணைப்புப் படையில் கேப்டன். ஊரே மதிக்கிற ஆள். வீட்டில் மனைவி கேத்ரினுக்கு அவன் அந்நியன். படகு வாங்கப் பணம் சேர்க்கிறான், கம்ப்யூட்டரில் ஆபாசப் படம் பார்க்கிறான், வாயைத் திறந்தால் கத்துகிறான். விவாகரத்து என்று முடிவானபோது அவனுடைய அப்பா கையால் எழுதிய ஒரு நோட்டைக் கொடுக்கிறார். நாற்பது நாள், நாளுக்கு ஒரு வேலை. முதல் நாள், மனைவியைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இரண்டாம் நாள், எதிர்பாராத ஒரு உதவி செய்ய வேண்டும். காபி போட்டு வைக்கிறான். அவள் குடிக்காமல் கிளம்பிவிடுகிறாள். மூன்றாம் நாள் ஏதாவது வாங்கித் தர வேண்டும். இருப்பதில் மலிவான பூங்கொத்தாகப் பார்த்து வாங்குகிறான். அதற்கும் பலன் இல்லை. பிறகு ஒரு நாள் மெழுகுவத்தி ஏற்றி விருந்து வைக்கிறான். உன்மேல் எனக்கு அன்பில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வழக்கமான திரைக்கதையில் கணவன் திருந்தினால் ஒரு பாட்டு முடிவதற்குள் மனைவி சிரித்துவிடுவாள். இங்கே நல்ல காரியம் தோற்கிறது. மறுநாள் காலை இன்னொன்று செய்ய வேண்டும், அதுவும் தோற்கும். முதலில் அவன் செய்வதெல்லாம் கடமைக்குத்தான், அப்பாவிடம் கணக்குக் காட்டுவதற்காக. தொடர்ந்து அவமானப்பட்ட பிறகுதான், இத்தனை வருடம் தானும் அவளை இப்படித்தானே நடத்தினோம் என்பது உறைக்கிறது. வில்லன் வெளியே இல்லை. மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அவளோடு சிரித்துப் பேசும் ஒரு டாக்டர் வருகிறார், அவரும் பெரிய விஷயம் இல்லை. பதில் கிடைக்காத வேலையை எத்தனை நாள் செய்வான் என்பதே படத்தின் முடிச்சு. இதற்குப் பணம் தேவையில்லை, நட்சத்திரம் தேவையில்லை. கதை எழுதுகிறவருக்குப் பொறுமை மட்டும் வேண்டும்.

பெரிய படங்கள் திருமணத்தின் இந்த நடுப்பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன. காதல் படம் கல்யாணத்தோடு முடிகிறது. கல்யாணப் படம் பிரிவில் தொடங்குகிறது: 1979இன் ‘கிரேமர் வெர்சஸ் கிரேமர்’ மனைவி வீட்டை விட்டுப் போகும் இரவில் ஆரம்பிக்கிறது. 2019இல் நோவா பாம்பாக் எடுத்த ‘மேரேஜ் ஸ்டோரி’ எனக்கு மிகவும் பிடித்த படம். கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவருக்குப் பிடித்தவற்றைப் பட்டியல் போட்டுச் சொல்வதோடு அது தொடங்குகிறது. எவ்வளவு நுணுக்கமான கவனிப்பு! ஆனால் அந்தப் பட்டியல் எழுதப்பட்டதே பிரிவைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்தர் கேட்டதற்காக. அதே கவனிப்பைச் சேர்ந்து வாழும்போது ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறையில் காட்ட, அவ்வளவு திறமைசாலிகளுக்கும் தோன்றவில்லையே என்பது என் ஆதங்கம்.

இன்னொரு விஷயம். கேலப்பாக நடித்த கிர்க் கேமரன் தன் மனைவியைத் தவிர வேறு யாரையும் முத்தமிட மாட்டேன் என்றவர். அதனால் கடைசி முத்தக் காட்சியில் கதாநாயகியின் இடத்தில் அவர் மனைவி செல்ஸி நோபிள் நிற்க, நிழலுருவமாக எடுத்தார்கள். அவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை ஒரு காட்சியோடு சமாளித்துக்கொண்டார்கள். இஸ்ரேலில் 2004இல் வந்த ‘உஷ்பிசின்’ அதே கட்டுப்பாட்டிலிருந்து முழுப் படத்தையே உருவாக்கியது. ஷுலி ராண்ட், ஹசீதிய யூத நெறிக்குத் திரும்பிய நடிகர். மனைவியாக வேறொரு பெண் நடிக்கக் கூடாது என்று சொல்லித் தன் மனைவி மிகல் பாட்-ஷேவாவையே நடிக்க வைத்தார். அவர் தொழில்முறை நடிகை இல்லை. ஜெருசலேமில் குழந்தையில்லாத ஏழைத் தம்பதி, சுக்கோத் பண்டிகை. பிள்ளை வரம் வேண்டிக் கணவன் 1000 ஷெக்கல் கொடுத்து எத்ரோக் என்ற சடங்குப் பழம் வாங்கி வைக்கிறான். விருந்தாளியாக வந்து தங்கிய ஒருவன் அதைச் சாதாரண எலுமிச்சை என்று நினைத்து நறுக்கி சாலட்டில் போட்டுவிடுகிறான். இந்தப் படத்தில் முத்தக் காட்சியே கிடையாது. ஆனால் கையில் காசில்லாத வீட்டில் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வையில், சேர்ந்து கடவுளிடம் முறையிடுவதில் தெரிகிற நெருக்கம் பல படுக்கையறைக் காட்சிகளில் கிடைக்காது.

இந்தப் படங்களைச் செய்தவர்களுக்குத் திருமணம் என்பது தன்னளவிலேயே காப்பாற்றத் தக்க ஒன்று. அதில் ஏன் அக்கறை காட்ட வேண்டும் என்று அவர்கள் விளக்குவதில்லை. நம்பிக்கை இல்லாத ஓர் இயக்குநரும் அந்த அக்கறையைக் கடன் வாங்கலாம். ஞானஸ்நானம் பெற வேண்டியதில்லை.

ஃபயர்ப்ரூஃபில் எனக்குப் பிடித்த காட்சியைச் சொல்கிறேன். கேத்ரின் காய்ச்சலில் கிடக்க, அவன் பணிவிடை செய்கிறான். நோட்டைப் பார்த்துவிட்ட அவள், இன்று எத்தனையாவது நாள் என்று கேட்கிறாள். 43 என்கிறான். நாற்பதுதானே என்கிறாள். நிறுத்த வேண்டும் என்று யார் சொன்னது என்று திருப்பிக் கேட்கிறான்.

ஆனால் அந்த நாற்பத்து மூன்று நாளும் பெரும்பாலும் அவன் பக்கத்து நாட்கள். தொடக்கத்தில் அவளைச் சுவரோரம் ஒடுங்க வைத்துக் கத்துகிறானே, அந்தப் பயம் அவள் உடம்பை விட்டு எப்போது போனது என்று படம் கேட்கவில்லை. கூட வேலை செய்கிற பெண்கள் அவளை எச்சரிக்கிறார்கள்: விவாகரத்தில் தனக்குச் சாதகமாக வாங்கிக்கொள்ளத்தான் அவன் நல்லவனாக நடிக்கிறான் என்று. அந்தச் சந்தேகத்தோடு ஒருத்தி தினமும் வீடு திரும்பி, மேஜையில் ஆறிக்கிடக்கும் காபியைப் பார்த்து, இதை நம்பலாமா என்று எடைபோடுகிறாள். முடிவில் நம்ப வேண்டாம் என்றும் அவள் தீர்மானிக்கக் கூடும். அவள் பக்கத்திலிருந்து சொல்லும் அந்தப் படத்தைச் சபையார் எடுக்க மாட்டார்கள். பாம்பாக்கைப் போல எழுதத் தெரிந்த ஒருவர் எடுக்கலாம்.