நூறாண்டு வெள்ளம் அடுத்த ஆண்டே வரலாம்

வெள்ள அபாய வரைபடங்கள் சில குடியிருப்புகளை ‘நூறாண்டு வெள்ளப் பகுதி’ என்று குறிக்கின்றன. “நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே! போன ஆண்டு வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

ஒரு பையில் 99 வெள்ளைக் கோலிகளும் 1 சிவப்புக் கோலியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பார்க்காமல் ஒன்றை எடுத்துவிட்டு மீண்டும் பையில் போட வேண்டும். சிவப்பு வந்தால் வெள்ளம். ஒவ்வோர் ஆண்டும் அதற்கான வாய்ப்பு 1 விழுக்காடு. போன ஆண்டு என்ன வந்தது என்பது பைக்குத் தெரியாது. வீட்டுக் கடனைக் கட்டி முடிக்கும் 30 ஆண்டுகளில், ஒருமுறையாவது சிவப்பு வரும் வாய்ப்பு 26 விழுக்காடு!

மழை அளவு, ஆற்று நீர்மட்டம், நிலத்தின் மேடு பள்ளம் ஆகிய தரவுகளைக் கணினியில் சேர்த்து, நீர் எதுவரை பரவும் என்று கணக்கிட்டு வரைபடத்தில் கோடு போடுகிறார்கள். தரவு பழையதென்றால் கோடும் பழையதே.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரம் இதற்குச் சான்று. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டிய மழையில் மூழ்கிய வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை, நூறாண்டுக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. கோட்டுக்குள் இருந்தால்தான் கடன் வாங்குவோருக்கு வெள்ளக் காப்புறுதி கட்டாயம். அதனால் வெளியே இருந்த பலர் காப்புறுதி எடுக்கவில்லை.

2018இல் அறிவியலாளர்கள் அங்குள்ள மழைக் கணக்கைப் புதுப்பித்தார்கள். ஒரே நாளில் பெய்யும் ‘நூறாண்டு மழை’ சுமார் 330 மில்லிமீட்டரிலிருந்து 460 மில்லிமீட்டராக உயர்ந்தது. பழைய நூறாண்டு மழையோ 25 ஆண்டு மழையாகிவிட்டது. அதாவது, பையில் இப்போது 4 சிவப்புக் கோலிகள். 30 ஆண்டுகளில் ஒருமுறையாவது சிவப்பு வரும் வாய்ப்பு 71 விழுக்காடு!

கோடு நகர்ந்து ஒரு வீட்டை உள்ளே இழுத்தால், அதன் உரிமையாளருக்குக் காப்புறுதிச் செலவு கூடும். வீட்டின் விலை குறையுமோ என்ற கவலையும் வரும். ஆனால் ஊருக்கு அது முன்னெச்சரிக்கை. அபாயப் பகுதிகளில் புதிய வீடுகளின் தளத்தை ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி உயர்த்திக் கட்ட வேண்டும் என்று ஹியூஸ்டன் 2018இல் விதித்தது.

நம் நாட்டிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஶ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. உங்கள் வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பெற்றோரிடம் கேளுங்கள். கோடு நகர்ந்தாலும் நகராவிட்டாலும், தண்ணீர் வரைபடத்தைப் பார்த்து வருவதில்லை.