வலையமைப்புக் கருவிகளுக்கு ஒரு நாட்குறிப்பு

அரசு அலுவலகத்திற்கு வரும் ஒவ்வொரு கடிதமும் வரவுப் பதிவேட்டில் ஏறுகிறது. அதே அலுவலகத்தின் மூலையில் பூட்டிய பெட்டிக்குள் இயங்கும் ரௌட்டரில் யார் நுழைந்தார், எதை மாற்றினார், எந்த இணைப்பு எப்போது அறுந்தது என்பதற்கும் ஒரு பதிவேடு தேவை. இது இன்று விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவின் கீழ், கணினிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பாகிய செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவுகளைப் பிறப்பித்தது. அவற்றின்படி கணினி அமைப்புகளின் பதிவுகள் 180 நாட்களுக்குப் பேணப்பட வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்கள் கவனத்திற்கு வந்த 6 மணி நேரத்திற்குள் அறிவிக்கப்பட வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் 23 அன்று புதுடில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்குதலுக்குள்ளாயின. 5 சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் பாதிக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நோயாளிகளின் பதிவு முதலிய பணிகள் பல நாட்கள் கையால் எழுதியே நடைபெற்றன. இத்தகைய வேளைகளில் விசாரணையாளர் முதலில் கேட்பது, எந்த வழியாக, எப்போது நுழைந்தார்கள் என்பதே. பதிவு இல்லாத இடத்தில் ஊகமே எஞ்சும்.

பல ரௌட்டர்களும் சுவிட்ச்களும் தம் நிகழ்ச்சிகளைத் தாமே குறித்துக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆயின் பெரும்பாலானவற்றில் அக்குறிப்பு தங்குவது சிறியதொரு நினைவகத்தில்தான். புதியது வர வர பழையது அழிகிறது. மின்சாரம் நின்றால் அனைத்தும் மறைகிறது. அத்துமீறி நுழைந்தவரும் முதல் வேலையாக அதையே துடைப்பார். ஆகவே குறிப்புகளை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடு அவசியமாகிறது. 1980-களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் என்னும் முறை இன்றும் இதற்குப் பயன்படுகிறது.

சிஸ்லாக் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. எண் குறையக் குறைய நிலைமை கடுமையானது. சிக்கனம் கருதி 4 வரையிலான எச்சரிக்கைகளை மட்டும் அனுப்புமாறு அமைப்போர் உளர். சிஸ்கோ ரௌட்டர்களில் அமைப்பு மாற்றப்பட்டது என்னும் செய்தி 5-ஆம் நிலையில் வருகிறது. எனவே, ஒருவர் ரௌட்டரின் விதிகளையே மாற்றிச் சென்றாலும் அச்செய்தி சர்வரை எட்டாது! பொதுவாக 6-ஆம் நிலை வரை அனுப்புவது தக்கது. 7-ஆம் நிலை பழுது பார்ப்பதற்கானது. அதை எப்போதும் திறந்து வைத்தால் கருவியே திணறும்.

இடம் போதாது என்னும் அச்சத்தைக் கணக்கிட்டே தீர்க்கலாம். 40 கருவிகள், ஒவ்வொன்றும் விநாடிக்கு 200 பைட் அளவில் ஒரு செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். 180 நாட்களுக்கு ஏறத்தாழ 124 ஜிகாபைட் ஆகும். ஃபயர்வால்கள் இதனினும் பன்மடங்கு எழுதும் என்பதால் அவற்றைத் தனியே கணக்கிட வேண்டும்.

நேரம் சரியில்லாத பதிவு சான்றாகப் பயன்படுவது அரிது. ஒரு கருவி இந்திய நேரத்திலும் மற்றொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால், ஒரே நிகழ்ச்சி ஐந்தரை மணி நேர இடைவெளியில் இரண்டாகத் தோன்றும். ஆகவேதான் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடனோ, அவற்றை ஆதாரமாகக் கொண்டவற்றுடனோ கடிகாரங்களை இணைக்குமாறு அதே உத்தரவு கூறுகிறது.

பதிவு நடந்ததைக் கூறும். கண்காணிப்பு நடந்துகொண்டிருப்பதைக் காட்டும். பின்னதற்கு எஸ்.என்.எம்.பி. என்னும் முறை உள்ளது. கண்காணிப்பு சர்வர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியின் எண்ணிகளைப் படித்து, இணைப்பில் சென்ற தரவின் அளவைக் கணிக்கிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய 32 பிட் எண்ணி சுமார் 429 கோடி பைட்டில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் முழுமையாக இயங்கும் இணைப்பில் இது 34 விநாடிகளில் நிகழும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை படித்தால் கிடைப்பது பொருளற்ற எண்ணே. 64 பிட் எண்ணியைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும்.

இம்முறையின் முதலிரு பதிப்புகளில் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்கிறது. பல கருவிகளில் அது 'பப்ளிக்' என்றே இருந்தும் வந்துள்ளது. மூன்றாம் பதிப்பைப் பயன்படுத்தி, படிக்கும் உரிமை மட்டும் அளித்து, கண்காணிப்பு சர்வரின் முகவரிக்கு மட்டுமே விடையளிக்குமாறு அமைத்தல் வேண்டும்.

அமைத்தபின் சோதிப்பதே பெரும்பாலும் விடுபடுகிறது. வழக்கமான சிஸ்லாக் செய்திகள் யூ.டி.பி. வழியே, ஒப்புகைச்சீட்டில்லாத தபாலைப் போலச் செல்வதால், வழியில் தொலைந்தாலும் அனுப்பிய கருவி அறியாது. பயன்பாட்டில் இல்லாத ஓர் இணைப்பின் கம்பியைக் கழற்றி, அச்செய்தி சரியான நேரத்துடன் சர்வரில் பதிவாகிறதா என மாதம் ஒருமுறை பார்க்கலாம். அதைப் பார்ப்பவர் யார் என்பதைப் பணிப் பங்கீட்டு ஆணையில் பதவிப் பெயருடன் குறிப்பிட்டுவிடுவது நல்லது.